நன்றாகப் பார்த்துக்கொண்ட குற்றம்

தையலக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிச் சீருடை தைக்கிறவள், வயது நாற்பத்தாறு. தையல் மெஷினை யாராக இருந்தாலும் வெளிச்சம் பார்த்து ஜன்னலோரம்தான் போடுவார்கள். இவள் மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, உள்ளறைக் கதவைப் பார்த்தபடி போட்டிருந்தாள். உள்ளறையில் தம்பி இருந்தான்.

பத்தொன்பது வயதில் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு இப்போது முப்பத்தொன்பது. யாரும் பேசாதபோது அவனுக்கு மட்டும் குரல் கேட்கும். கேட்டால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவான். இல்லையென்றால் செருப்பில்லாமல் கிளம்பி பஸ் போகிற வழியெல்லாம் நடப்பான். இரண்டு முறை போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். மூன்றாவது முறைக்கு அக்கா இடம் வைக்கவில்லை. நூல்கண்டு வாங்கப் போனாலும் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். பூட்டு தம்பிக்கு என்றுதான் தெரு நினைத்தது. இருபது வருடத்தில் அவளும் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு சாவுக்குப் போகவில்லை.

போன வருடம் ஒரு வழி திறந்தது. இப்படிப்பட்டவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நிலையம் தொடங்கினார்கள். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், மாலையில் கொண்டுவந்து விடும். மருத்துவக் குழு நேரில் பார்த்து, இவருக்குத் தேவை என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

அக்கா என்ன செய்தாள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். பெரிய டாக்டர்கள் முன்னால் தம்பியை அலங்கோலமாக நிறுத்தினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று புதுச் சட்டை தைத்தாள். முகம் மழித்து, நகம் வெட்டி, இரண்டு வாரம் பாடம் வேறு நடத்தினாள். இன்று என்ன கிழமை, வீடு எங்கே, தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்யவைத்தாள். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். பாழாய்ப்போன சொல், வரக்கூடாத அந்த ஒரு நாளில் கச்சிதமாக வந்து நின்றது. தம்பி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வணக்கமும் வைத்தான்.

"ரொம்ப நல்லா பாத்துக்கிறீங்கம்மா," என்றார் டாக்டர். "இவருக்கு நிலையம் தேவைப்படாது. இப்படியே பாத்துக்குங்க."

பாராட்டைக் கேட்டு அவள் ஒரு நொடி பூரித்துத்தான் போனாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகே உறைத்தது.

சில மாதம் கழித்து ஓர் ஆய்வுக்காரி வந்தாள். யாருக்குச் சிகிச்சை கிடைக்கிறது, கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற வேலை அவளுக்கு.

"நிலையத்துல சேராததுக்குக் காரணம் வேணும்க்கா. தூரமா? செலவா? அவங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. நான் நல்லா பாத்துக்கிட்டேன், அதான்."

ஆய்வுக்காரி தாளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையேக்கா."

'மற்றவை' என்ற இடத்தில் எழுதப் போனாள். அந்தக் கோட்டில் நான்கு சொல்லுக்கு மேல் கொள்ளாது. பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. மறுபடி மனு குடுங்க. இந்தத் தடவை சோடிச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. அழுத பிள்ளதான் பால் குடிக்கும்."

மனு கொடுத்தாள், தேதியும் வந்தது. பத்து நாள் முன்பே சவரக்கத்தியை ஒளித்துவைத்தாள். குளி என்று சொல்வதை நிறுத்தினாள். மாத்திரையை நிறுத்த மட்டும் மனம் வரவில்லை. ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள், பிறகு கொடுத்துவிட்டாள். தாடி வளர்ந்தது, சட்டைக் காலர் கறுத்தது. அந்த நாற்றத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக்குக் காஜா எடுக்கும்போது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. இந்த முறையும் தவறினால் இரண்டு பேரும் இந்த வீட்டுக்குள்ளேயே செத்துப்போவோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

போகிற நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிட்டாள். தம்பி வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தான்.

"கிளம்புடா, நேரமாச்சு."

"குளிக்கணும்."

"வேணாம். இப்படியே வா."

"இப்படியே போனா உன்னத்தான்க்கா திட்டுவாங்க. தம்பிய சரியா பாத்துக்கலன்னு சொல்லுவாங்க."

இருபது வருடத்தில் அவளை நினைத்து அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதையே குழு முன்னால் சொன்னால் மனு அங்கேயே முடிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"திட்டினா திட்டட்டும். வாடா."

அவன் அசையவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் மணியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெந்நீர் வைக்கப் போனாள்.