நீலத் துணிக்குக் கீழே தேக்கு

விக்ரோரியாவின் வீட்டில் இருந்த சாமான்களில் ஒன்றைக்கூட விக்ரோரியா தெரிந்தெடுக்கவில்லை. டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் இருபத்தாறு வருடக் குடித்தனம். வெள்ளைத் தோல் சோபா செற்றி, கண்ணாடி மேசை, முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கும் ரீவி மேசை எல்லாமே அவளுடைய புருஷன் ஸ்ரனிஸ்லாஸும் அவருடைய சிநேகிதர் மைக்கலும் ஒரு சனிக்கிழமை காலையில் வான் வண்டியோடு போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் வாங்கி இறக்கியவை. ஊரில் எந்தத் தமிழ் வீட்டுக்குள் போனாலும் அதே செற்றி, அதே மேசைதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் முழங்கால் இடிபடாமல் நடந்துவிடலாம்.

அவளுக்கோ மரம் பிடிக்கும். வயோதிபர் இல்லத்தில் வேலைக்குப் போன பிறகுதான் அது அவளுக்கே தெரியவந்தது. அங்கே வந்து சேருகிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்து இரண்டு மூன்று தளபாடங்கள்தான் கொண்டுவரலாம். இரண்டே இரண்டு என்றால் ஆர்தான் குப்பையைக் கொண்டுவருவார்கள்? பதினேழு வருடம் அவற்றைத் துடைத்துத் துடைத்தே விக்ரோரியா படித்துவிட்டாள். எந்த இழுப்பு லாச்சி ஒரு விரலால் தள்ளினாலே போய்ச் சேரும், எது பாதிவழியில் நின்று மூக்கால் அழும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும்.

செப்ரெம்பர் கடைசியில், பழைய சாமான் கடை ஒன்றில் அவள் அதைக் கண்டாள். இடுப்பளவு உயரம், ஒரு ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய டெனிஷ் தேக்கு அலுமாரி. கதவைத் தள்ளினால் சர்ரென்று உள்ளே சுருண்டு ஓடியது.

விக்ரோரியா ஆசைப்பட்டவுடனே காசை நீட்டுகிற ஆள் அல்ல. முழங்காலில் இருந்து, லாச்சியை வெளியே இழுத்து, அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தாள். சிகரெட் மணம் ஏறின அலுமாரி என்றால் சட்டை சேலை எல்லாம் சிகரெட் குடிக்கும். மணம் இல்லை. மூலைகளைப் பார்த்தாள். ஆணி இல்லாமல் பல்லுப் பல்லாகக் கோர்த்திருந்தது. காலடியில் பூச்சி அரித்த தூள் இல்லை. மேல்பலகை தேக்கைத் தகடாகச் சீவித் தோல்போல ஒட்டினதுதான், ஆனால் அந்தக் காலத்துத் தடித்த தோல், விளிம்பெல்லாம் முழுமரம். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே, இரண்டு நாள் எடுத்துவைக்கிறேன், வீட்டை அளந்துவிட்டு வா என்றாள்.

வீட்டுக்கு வந்த விக்ரோரியா, விளம்பரப் பேப்பர்களை ஒட்டி, அலுமாரியின் நீள அகலத்துக்கு வெட்டி, யன்னலுக்கும் குசினிக் கதவுக்கும் நடுவே நிலத்தில் விரித்தாள். வேலையால் வந்த ஸ்ரனிஸ்லாஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன இது? ஆரையும் கிடத்தப் போறீரோ?"

"மிதிக்காதேங்கோ. அதில அலுமாரி நிக்குது."

"எந்த அலுமாரி?"

"வரப்போறது. கதவு திறக்குதோ, நடக்க இடம் காணுதோ, ஹீற்றர் சூடு மரத்தில படுதோ எண்டு ரெண்டு நாள் பாப்பம்."

விசயம் முழுவதும் வெளியே வந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் செற்றியில் சாய்ந்தார்.

"செத்த ஆக்களின்ர சாமான் எங்களுக்கு வேண்டாமப்பா."

"உங்கட கார் ஆரின்ர? ஹேர்னிங்கில ஒரு கிழவன் ஓடினதுதானே."

"கார் வேற. அதுக்கு சேர்விஸ் புத்தகம் இருக்கு."

"இதுக்கு என்ர மூக்கு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "அகதியா வந்து, ஆரோ கழிச்சுவிட்ட கதிரையில இருந்தது காணும், விக்கி. பதினோராந் திகதி மாதா வாறா. நாப்பது சனம் வரும். இவ்வளவு காலம் உழைச்சும் டெனிஷ்காரன் எறிஞ்சதைத்தான் வைச்சிருக்கினம் எண்டு கதைப்பினம்."

ஒக்ரோபர் செபமாலை மாதம். மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தமிழ் வீட்டுக்குப் போகும். போகிற வீட்டில் செற்றி, மேசை எல்லாம் படுக்கையறைக்குள் தஞ்சம் புகும். சனம் பாயில் இருந்து செபமாலை சொல்லும். சொரூபம் வைக்கும் பீடம் மட்டும்தான் அன்றைக்கு அந்த வீட்டின் தளபாடம். நாற்பது சோடிக் கண்ணும் அதில்தான்.

விக்ரோரியா குனிந்து, பேப்பரில் மடிந்திருந்த மூலையை நீவிவிட்டாள். பிறகு சொன்னாள்: "சரி. மாதாவை அதுக்கு மேலயே வைப்பம். வாற சனத்தில ஒராள் 'பழசு' எண்டு சொல்லட்டும், திங்கக்கிழமை நானே திருப்பிக் குடுத்திடுறன். பிறகு இந்த வீட்டுக்கு நான் ஒரு சாமானும் பாக்கமாட்டன்."

"சொல்லாட்டி?"

"நிக்கும்."

ஸ்ரனிஸ்லாஸ் பெற்றோல் நிலையத்தில் காருக்குப் பின்னால் கொளுவும் ட்ரெய்லர் இரவல் எடுத்தார். அலுமாரிக்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடி, மைக்கலின் வீட்டு யன்னலுக்குப் பயந்து ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார். பத்து நிமிடத் தூரத்துக்கு நாற்பது நிமிடம். பக்கத்தில் இருந்த விக்ரோரியா, "இதைவிடக் கடத்தல்காரர் துணிஞ்சவங்கள்" என்றாள்.

மரத்துக்கு இரண்டு தரம் எண்ணெய் பூசி மெல்லிய துணியால் தேய்த்ததும் அது நல்ல சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. நடுவில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு வெள்ளை லேஸ், அதற்கு மேல் மாதா. மிச்சமெல்லாம் மரம் தெரியவேண்டும். அதுதான் அவள் போட்ட கணக்கு.

பதினோராந் திகதி மத்தியானம், பீடம் சோடிக்கும் தங்கமலர் ஒரு பெரிய பையோடு வந்து, ஆறு மீற்றர் நீலச் சற்றின் துணியை உதறி விரித்தாள்.

"இவ்வளவும் என்னத்துக்கு?"

"அண்ணைதானே அக்கா போன் பண்ணினவர், நிலம் முட்டத் துணி வேணுமெண்டு."

விக்ரோரியா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகட்டு லைற்றை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார். வாசலில் மாதா வந்து இறங்கிவிட்டா. மாதாவுக்கு முன்னால் ஆர் சண்டை பிடிப்பது?

"மரத்தில குண்டூசி குத்தாதை, மலர்!"

"அப்ப செலோரேப் ஒட்டுவமே?"

"ஐயோ, அதுவும் வேண்டாம். பூச்சாடியை வைச்சு அமத்து."

இரண்டு கிழமை மணந்து, அளந்து, தேய்த்த தேக்கு ஐந்து நிமிடத்தில் காணாமல் போனது. ஒருத்தரும் 'பழசு' என்று சொல்லப்போவதில்லை. அவள் வென்றுவிட்டாள். வெல்வது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று ஆர் கண்டது? அவள் சனத்துக்குப் பட்டிஸ் பலகாரம் பொரிக்கப் போய்விட்டாள்.

செபமாலை தொடங்கியதும் மைக்கல் வழக்கம்போலப் பீடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். அதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் அதே ஊரில் தனுசியா என்றொருத்தியின் வீட்டில், மினுங்கும் புது ரீவி மேசை பாரம் தாங்காமல் நடுவே வளைந்து, மாதா முன்னுக்குச் சாய்ந்துவிட்டா. மைக்கல் பாய்ந்து கட்டிப்பிடித்தவர், பிரார்த்தனை முடியும்வரை விடவில்லை. அன்றிலிருந்து அவருக்கு எந்த வீட்டுப் பீடத்திலும் நம்பிக்கை இல்லை.

கடைசிச் செபம் முடிந்தது. நூறு கிலோ மைக்கலுக்கு இரண்டு முழங்காலும் விறைத்துவிட்டன. எழும்ப வழியில்லாமல், மறந்துபோய், முழுப்பாரத்தையும் பீடத்தில் ஊன்றினார். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். மாதா அசையவில்லை. மெழுகுதிரிச் சுடர்கூட ஆடவில்லை.

மைக்கல் துணிக்கு மேலால் தட்டிப் பார்த்தார்.

"ஸ்ரனி, உள்ளுக்கு என்ன, கொங்கிறீற்றோ?"

பதில் வருவதற்குள் துணியைத் தூக்கிவிட்டார். சனம் குனிந்தது. கதவு சர்ரென்று ஓடியது. தங்கமலர் லாச்சியை இழுத்துவிட்டு, "இஞ்ச பாருங்கோ, முள்ளுக்கரண்டிக்கும் மெத்தை போட்டிருக்கு!" என்றாள்.

"இது பழசு மச்சான்!" என்றார் மைக்கல். "நல்ல பழசு."

குசினி வாசலில் பட்டிஸ் தட்டோடு விக்ரோரியா நின்றாள். சொல் வெளியே வந்துவிட்டது. நாற்பது சாட்சி. ஸ்ரனிஸ்லாஸ் அவளைப் பார்த்தார். மைக்கலைப் பார்த்தார். பிறகு அலுமாரியின் மேல் கையை வைத்தார்.

"பழசுதான். இப்ப வாறதெல்லாம் தூள் மரம் மச்சான், போன வருசம் பாத்தனிதானே? இதைத் தேடித்தான் எடுத்தனான். வாங்கமுதல் லாச்சிக்குள்ள மணந்து பாக்கவேணும். மூலையைப் பார், ஒரு ஆணி இருக்கோ? முதல் நிலத்தில பேப்பர் விரிச்சு ரெண்டு நாள் பாத்தனான்."

"நீயோ?" என்றார் மைக்கல்.

"வேற ஆர்?"

விக்ரோரியா தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஸ்ரனிஸ்லாஸ் அவசரமாக ஒரு பட்டிஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இவருக்கு இதில நல்ல கண், மைக்கல் அண்ணை," என்றாள் அவள். "அந்தக் கடையிலயே தேக்குக் கதிரை ஆறு கிடக்கு. வாற சனிக்கிழமை எடுக்கப் போறார். உங்கட வானையும் கொண்டுவாங்கோ."

வாய் நிறையச் சூட்டோடு ஸ்ரனிஸ்லாஸால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

அடுத்த நாள் மாதா நீலத் துணியோடு தங்கமலர் வீட்டுக்குப் போனா. படுக்கையறைக்குள் இருந்த செற்றி வெளியே வரமுதல், விக்ரோரியா ஆறு பேப்பரை வெட்டி நிலத்தில் விரித்தாள்.