ஓட்டி டப்பா

மெட்டுகுடாவில் எங்கள் சந்திலிருந்து ஆங்கிலவழிப் பள்ளிக்குச் சென்ற முதல் பிள்ளை நான்; வகுப்பிலும் ஆங்கிலத்தில் முதலிடம் எனக்கே. தற்பெருமைக்காக இதைக் குறிப்பிடவில்லை. நடந்தது விளங்க வேண்டும்.

அந்நாளைய விடியல்களுக்கு ஆவக்காயின் எண்ணெய் மணம். மல்லாபூர் ஆலைக்குப் புறப்படும் அப்பா வழக்கமாக ஒரு டப்பாதான் கொண்டுபோவார். சில நாட்களில் மட்டும், "இன்னிக்கு ஓட்டி உண்டு மேரி" என்பார். அம்மா உடனே தயிர்ச்சோறும் ஊறுகாயும் அடைத்த சின்ன டப்பா ஒன்றையும் நீட்டுவாள். அந்த டப்பாவின் பெயரே "ஓட்டி" என்று நம்பியிருந்தேன். குறித்த நேரத்துக்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி உண்டென்பதும், அந்த "ஓ.டி."தான் எங்கள் வீட்டில் "ஓட்டி" ஆயிற்று என்பதும் கல்லூரி நாட்களில்தான் தெரிந்தன.

ஒரு சனிக்கிழமை, இரண்டு டப்பாக்களோடு போன அப்பா, ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். கூடுதல் வேலைக்கான சீட்டு அகப்படவில்லை. விசாரிக்க வீட்டுக்கு வந்த ஆலை அதிகாரி அம்மாவிடம் இந்தியில் தொடங்கினார். ஆங்கிலத்திலேயே கேட்கலாம் என்று குறுக்கிட்டவன் நான்.

அன்று ஓவர்டைம் என்று அப்பா சொன்னாரா என்றார். நேரம் கடந்து வேலைக்குப் போகிறவரா என்று கேட்பதாக எண்ணி நிமிர்ந்தேன்.

"நோ சார். மை ஃபாதர் வாஸ் ஆல்வேஸ் ஆன் டைம்."

அவர் எழுதிக்கொண்டு எழுந்தார்.

"என்னடா கேட்டாரு?" என்றாள் அம்மா.

"அப்பா லேட்டா போவாரான்னு. இல்லேன்னுட்டேன்."

"ஹவ்டா, சரிதான், நல்லா சொன்னே ராஜா."

அனுமதியின்றி உள்ளே தங்கியவர் என்று முடிவாயிற்று, நஷ்டஈடு இல்லை. "உள்ளயே படுத்துத் தூங்கிட்டாராமே" என்றது சந்து. பொருள் விளங்கிய பிறகும் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள் கடைசிவரை என் ஆங்கிலத்தைப் புகழ்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தாள்.

ஆலை நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள், சங்கொலியும் இல்லை. ஆயினும் ஊறுகாய் ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் வாசற்பக்கம் அப்பாவின் அந்தக் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உறவினர் இன்னமும் கல்யாண வீடுகளில் அந்தப் பழைய கதையைச் சொல்கிறார்கள்.

அப்பா அங்கே தூங்கவில்லை. அன்று அவருக்கு ஓட்டி.