வெள்ளிக்கிழமை போகாத பணம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பது. இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், ஏழே முக்கால் பஸ்ஸுக்காக நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, பணத்த இப்பவே அனுப்பிடறேன். அரிசிக்கடைக்காரரு காத்துட்டு இருக்காராம்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை கண்ணு. ஊட்ட விட்டுப் பணம் போகக் கூடாது. நாளைக்கு அனுப்பிக்கலாம்."

"அது நம்ம பணமே இல்லம்மா."

"நம்ம ஊட்டுலதானே இருக்குது?"

"ஊட்டுல எங்க இருக்குது? பேங்குல இருக்குது."

"பேங்கு புக்கு பீரோவுலதானே இருக்குது?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

அந்தப் பணம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். மாடித்தோட்டம் போடுகிறவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்றில் மகள் இருந்தாள். முகம் பார்க்காத பல ஊர்க்காரர்கள் தபாலில் விதை மாற்றிக்கொள்வார்கள். இவள் எங்கள் மலையில் கிடைக்கும் அவரை, மொச்சை, கேழ்வரகு விதைகளை அனுப்புவாள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கவர்மேல் முகவரி எழுதுகிற வேலையை என்னிடம் தள்ளிவிடுவாள். கடற்கரையில் புயல் அடித்தபோது குழுவில் ஒருவருடைய தெருவே கூரையில்லாமல் நின்றது. அந்தத் தெருவுக்கு அரிசியும் தார்ப்பாயும் வாங்கிக் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். பணத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்ற பேச்சு வந்ததும் பாதிப்பேர் மகளைத்தான் சொன்னார்கள். அவள் அனுப்பிய விதைப் பொட்டலத்தில் ஒரு விதைகூடக் குறைந்ததில்லையாம்.

அவளுக்கு அதில் பெருமை. எனக்கு அன்றிலிருந்தே பயம். அரசுத் தேர்வில் தேறி நியமனத்துக்குக் காத்திருந்தாள். போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. இந்த நேரத்தில் ஊரார் பணம் இவள் பெயரில் எதற்கு? அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் குழுவைத் திறந்து பார்ப்பேன். ஒருவருக்கும் முகம் கிடையாது. செம்பருத்திப் பூ, கத்திரிக்காய், முருகன், யாரோ ஒருவரின் நாய்க்குட்டி. கத்திரிக்காய்ப் படத்துக்குப் பின்னால் இருப்பது ஆணா, பெண்ணா, திருடனா என்று எப்படித் தெரியும்? புயலில் சிக்கியதாகச் சொன்னவர் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவை போன வருடப் புயலின் படங்கள் என்றே தோன்றியது.

ஆகவே வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதில் நம்பிக்கை பாதி, சாக்கு பாதி. ஒரு நாள் கிடைத்தால் அந்த அரிசிக்கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்துவிடலாம் என்று அவர் எண்ணை என் பாடக்குறிப்பு நோட்டின் பின்அட்டையில் எழுதி வைத்திருந்தேன். மதிய உணவு வேளையில் கூப்பிடுவதாக இருந்தேன். பதினொரு மணிக்கே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. கரண்ட் போயிற்று. சற்று நேரத்தில் டவரும் போயிற்று. மலையில் இது புதிதில்லை, இரண்டு நாள் போன் செத்துக் கிடந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அரிசி லாரியில் ஏறிவிடும் என்று மகள் குழுவில் வாக்குக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை, மலைக்குக் கீழே சேந்தமங்கலம் போய் அங்கிருந்து பணம் அனுப்பிவிடலாம் என்று இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் திரும்பியதும் பஸ்ஸில் இருந்த எல்லாருடைய போனும் ஒன்றாக உயிர் பெற்றது. மகளுடைய போன் மட்டும் நிற்கவேயில்லை. கத்திரிக்காயும் செம்பருத்தியும் முருகனும் மாறி மாறி எழுதியிருந்தார்கள். எங்கே பணம். ஏன் போனை அணைத்துவிட்டாய். ஏமாற்றிவிட்டாள். சைபர் கிரைமில் புகார் கொடுத்தாயிற்று. அவள் கல்லூரி விழாவில் எடுத்த படத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டு, 'மோசடிப் பெண், எல்லாக் குழுவுக்கும் பகிரவும்' என்று யாரோ எழுதியிருந்தார்.

பின் சீட்டில் மிளகு மூட்டையோடு எங்கள் தெரு விவசாயி ஒருவர் இருந்தார். தன் போனை என் தோளுக்கு மேலாக நீட்டினார்.

"ஏனுங்க டீச்சர், இது நம்ம பாப்பாதானுங்களா?"

"யாரோ வெளையாட்டுக்குப் போட்டிருக்காங்க."

"வெளையாட்டுங்களா? எங்க மச்சான் முள்ளுக்குறிச்சியில இருந்து அனுப்பியிருக்கான். புகாருன்னு வேற எழுதியிருக்குதுங்க." பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "டீச்சர் ஊட்டுப் புள்ளையே இப்படீன்னா..." என்றார். மூட்டையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மகள் சுவரோரம் நின்று போனைத் தட்ட ஆரம்பித்தாள். அவசரத்தில் ரகசிய எண் இரண்டு முறை தப்பாகப் போனது. அப்போது நான் கேட்டேன்.

"கண்ணு, பணம் இருக்குதில்ல?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. முகமில்லாதவர்கள் கேட்டதையே பெற்றவள் நானும் கேட்டுவிட்டேன். அவள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இருந்தது. என் கண்முன்னாலேயே அனுப்பினாள். அனுப்பிய ரசீதைக் குழுவில் போட்டாள்.

'இதெல்லாம் போலியாகவும் செய்யலாம்' என்று ஒருவர் எழுதினார். டவர் இல்லை என்றாள். 'எல்லாத் திருடர்களும் சொல்வதுதான்' என்று பதில் வந்தது. கத்திரிக்காய்ப் படக்காரர் மட்டும் இரண்டே வரி எழுதினார்: 'விதைக் கவரில் உன் முகவரி இருக்கிறது. நாளைக்கு நேரில் வருகிறேன்.'

மறுபடி மலையேறினோம். அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டவர் வரவில்லை. பொழுது விடிந்ததிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து பார்த்தேன். கத்திரிக்காய் என்றால் மீசை வைத்த ஆள், கூட நாலு பேர், ஜீப், ஒருவேளை போலீஸ் என்று என் மனசு ஒரு கூட்டத்தையே கூட்டிவிட்டது. போன மாதம் வாங்கிய மிக்ஸியின் அட்டைப்பெட்டி அலமாரி மேல் இருந்தது. திருட்டுப் பணத்தில் வாங்கியது என்று சொல்லிவிடுவார்களோ என்று அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மகள் கதவோரம் நின்று அதையும் பார்த்தாள்.

மத்தியான பஸ்ஸில் ஓர் அம்மாள் மட்டும் இறங்கினார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் கசங்கிய கவர். கவரில் என் கையெழுத்து; இவர்தான் கத்திரிக்காய். மலைப்பாதை முழுக்க வாந்தியெடுத்து வந்திருக்கிறார் என்று முகமே சொன்னது.

"ஏனுங்க, இதானுங்களா வெதை அனுப்பற பொண்ணு ஊடு? மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க, வாய் கொப்புளிக்கோணும். எத்தனை வளைவுங்க! எண்ணீட்டு வந்தேன், முப்பதுக்கு மேல எண்ண முடியல."

வாய் கொப்பளித்துவிட்டு வந்து, முந்தானையால் முகம் துடைத்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். டிவியைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். கட்டிலுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். பிறகுதான் மகளைப் பார்த்தார்.

"நீதானா கண்ணு? போட்டோவுல பெரிய புள்ளையாட்டத் தெரிஞ்ச. அரிசி போய்ச் சேந்துருச்சு. அடிவாரத்துல பஸ்ஸு கெளம்பறப்பவே மூட்டை எறக்குற படம் போட்டுட்டாங்க. எறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். டிக்கெட்டு எடுத்துட்டனே!"

"அப்போ புகாரு?" என்றேன் நான்.

"யாரும் எங்கயும் குடுக்கலீங்க. பயமுறுத்த எழுதுனதுதான். எழுதுனவங்களை நான் வெசாரிச்சுட்டேன். அந்த வட்டம் போட்ட போட்டோவ எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டுட்டுத்தான் பஸ்ஸு ஏறுனேன். எடுத்துட்டாங்க. ஆனா மத்த குரூப்புக்குப் போனது போனதுதானுங்க."

பெருமூச்சு விடக்கூட எனக்கு நேரம் தரவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"டவரு போனது பதினொரு மணிக்குங்கற. காலையில ஏழு மணிக்கே கடைக்காரரு கணக்கு நெம்பரு குடுத்துட்டாரு. நாலு மணி நேரம் என்ன கண்ணு பண்ணுன? அதைக் கேக்கத்தான் வந்தேன். கேக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாகத் திட்டு வாங்கியபோதும் அந்தக் காரணத்தை மட்டும் அவள் எங்கும் எழுதவில்லை. இப்போதும் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது.

"நான்தாங்க தடுத்தேன்" என்றேன். "வெள்ளிக்கிழமை, பணம் வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேன்."

"டீச்சர் ஊட்டுல இப்படின்னு எழுத எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாள் மகள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அந்த அம்மாள் எலுமிச்சம்பழத்தை ஒருமுறை முகர்ந்தார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, அதை எழுதியிருந்தீன்னா அப்பவே நம்பியிருப்பனே கண்ணு! எங்கூட்டுலயும் வெள்ளிக்கிழமையில பீரோவத் தொறக்க மாட்டோமுங்க. நானே என் பங்குப் பணத்தை வியாழக்கிழமையே அனுப்பீட்டனே, எதுக்குன்னு நெனைச்ச?"