மேல்மாடி ஆன்டியின் பாதி ஜெபம்

சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நடத்தும் சீஷத்துவப் பாடம் என்றால் என்னவென்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார், தெரியாதவர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். மலேசியாவில், கிள்ளான் நகரத்து எங்கள் பிளாட்டில் அம்மா தெரிந்தவர், மேல்மாடி ஆன்டி தெரியாதவர். பந்திங் ஊர்ப் பக்கத்து எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டிருந்த ஆன்டி, அம்மாவோடு மீன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வந்த பழக்கத்தில் எங்கள் சபைக்கும் வரத் தொடங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் வேலை முடிந்து வந்து அம்மாவிடம் ஜெபம் பண்ணக் கற்றுக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எங்கே தப்புவிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனை கெட்டிக்காரி.

அப்போதுதான் அம்மாவின் வயிற்றில் இருந்த தம்பிப் பாப்பா ஏழாம் மாதத்தில் இறந்துபோனான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா வேதாகமத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சபைக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால்கூட ஜெபிக்கவில்லை. பாஸ்டர் வந்தார். சபைப் பெண்கள் மைலோ டின்னும் வசனமுமாக வந்தார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இனி அம்மா ஜெபிக்கவே மாட்டாரோ என்று எனக்கு ஒரே பயம். அப்பாவைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

மேல்மாடி ஆன்டி மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். பாடம் கேட்கவில்லை. துணி மடித்து வைத்தார், மீன் ஆய்ந்து கொடுத்தார். ஒருநாள் கை நிறைய உப்பும் காய்ந்த மிளகாயுமாக வந்து, அம்மாவை எழுப்பி உட்காரவைத்து, தலையைச் சுற்றத் தொடங்கிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருஷ்டி கழிப்பது விசுவாசிகளுக்கு ஆகாது என்று அம்மாவே அவருக்குப் பாடம் நடத்தியிருந்தார்.

“ஆன்டி, இது பாவம்லா,” என்றேன்.

“தெரியும்மா. உங்கம்மா ஜெபத்த பாதிதானே சொல்லிக் குடுத்தாங்க. மீதிக்கு எனக்குத் தெரிஞ்சத செய்றேன்,” என்ற ஆன்டி, கண்ணைத் திறந்தபடியே ஜெபித்தார். “யேசப்பா, இந்தப் புள்ள மேல பட்ட கண்ணெல்லாம் தொலையணும். ஆமேன். துப்புங்க சிஸ்டர்.”

அம்மா துப்பினார். பிறகு ஆன்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படி இல்ல சிஸ்டர். கண்ண மூடுங்க. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க.”

அம்மா ஒரு வரி சொல்ல, ஆன்டி அதைத் திருப்பிச் சொன்னார். தம்பியைப் பற்றிய வரி வந்ததும் அம்மாவால் முடியவில்லை, ஓவென்று அழுதுவிட்டார். மிச்சத்தை ஆன்டிதான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார், உப்பும் மிளகாயும் அவர் கைக்குள்ளேயே இருக்க. நடந்தது பாவமா ஜெபமா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டே ஸ்கூலில் யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

சில மாதம் கழித்து மோரிப் கடலில் ஆன்டிக்கு ஞானஸ்நானம். எங்கள் சபை வழக்கப்படி பாடம் சொல்லிக்கொடுத்தவரும் கூடவே தண்ணீரில் நிற்க வேண்டும். இடுப்பளவு ஆழத்துக்குச் சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

“உங்கள ஆண்டவர்கிட்ட கூட்டிட்டு வந்தது யாரு?” என்று பாஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆன்டி அம்மாவைக் காட்டினார்.

“இல்ல பாஸ்டர்,” என்றார் அம்மா. “இவங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க.”

பாடம் நடத்தியது யார் என்று நான் கண்ணால் பார்த்தவள். கரைக்கு வந்ததும், “நீங்கதானேம்மா டீச்சர்?” என்று கேட்டேன். அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

அன்று படுக்கும் முன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசினேன். அம்மா இப்போதுதான் உம்மோடு மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறார், தண்ணீரில் நின்று சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.