மரபணுன்னு ஒரு வார்த்தை

மரபணுன்னு தமிழ்ல பேரு வெச்ச புண்ணியவான் மேல எனக்கு இன்னிக்கும் கோவம் தீரல.

அப்பாவுக்கு புராஸ்டேட்ல கேன்சர்னு தெரிஞ்சப்போ தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டோட பேசி முடிச்சிருந்தோம். டாக்டர் நல்ல மனுஷன். அப்பாவுக்குப் புரியணுமேன்னு சுத்தத் தமிழ்ல, செல்லுல மரபணு கெட்டுப்போனதால வந்த கட்டி, ஹார்மோன் ஊசியை உடனே ஆரம்பிக்கணும், அப்புறம் கதிர்வீச்சு, அதான் கரண்டு, வெக்கணும்னாரு. அப்பா தலையாட்டினாரு. ஆட்டோவுல ஏறினதும் என்கிட்ட திரும்பி, "மரபுன்னா பரம்பரைதானே? நம்ம வம்சத்துக்கே இருக்குதுன்னு சொல்றாரு"ன்னாரு. விஷயம் வெளிய போனா கல்யாணம் நின்னுடும், அது முடியற வரைக்கும் ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அங்கயே முடிவு கட்டிட்டாரு.

கொடுமை என்னன்னா, சென்னையில நான் பாக்குற ஆராய்ச்சியே இந்தக் கேன்சர் ஜீனைப் பத்தித்தான். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற எனக்கு, பெத்த அப்பனுக்குச் சொல்லிப் புரிய வைக்கத் துப்பில்ல.

அடி அண்ணாமலையில இருக்குற எங்க வீட்டுல உக்காந்து தொண்டை வறளச் சொன்னேன். ஜீன் எல்லா செல்லுலயும் இருக்குது, எது வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு ஒரு கட்டுப்பாடும் இருக்குது. கட்டி பெருசானா நடுவுல இருக்குற செல்லுக்குக் காத்து பத்தாது. உடனே சும்மா கிடந்த ஒரு ஜீன் முழிச்சிக்கிட்டு ஒரு புரதத்தைச் சுரக்க வெக்கும். அது ஆள் விட்டுக் கூப்பிடுற மாதிரி. பக்கத்து ரத்தக்குழாய் கிளை விட்டு கட்டிக்குள்ள நுழையும். அப்புறம் கட்டிக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்ல, அதே குழாய் வழியா எலும்பு வரைக்கும் கிளம்பிடும். ஆண் ஹார்மோன் அந்த ஜீனை இன்னும் ஜாஸ்தியா முடுக்கி விடுது, அதைக் கம்மி பண்ணத்தான் ஊசி. தாத்தா வழியா வந்த சொத்து இல்லப்பா, உங்க உடம்புல வயசான காலத்துல வந்த கோளாறுன்னேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாரு. "பரம்பரையா யாருக்குமே வராதா?"

பொய் சொல்லித் தொலைச்சிருக்கலாம். வாய் வரல. சில குடும்பத்துல வரும்ப்பான்னு இழுத்தேன். அது போதும்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்துட்டாரு.

சரி, சென்னைக்கு வாங்க, யாருக்கும் தெரியாம போட்டுக்கலாம்னேன். மாசாமாசம் சென்னைக்கு எதுக்குப் போறான்னு கேப்பாங்களாம். டவுன்ல எந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்தாலும் சொந்தக்காரன் ஒருத்தன் வந்து விசாரிப்பானாம். அம்மாவும் அவரு பக்கம். இந்தக் கல்யாணமே வேணாம்னு அழுத தங்கச்சிக்கும் திட்டு. படிச்ச திமிருன்னு எனக்குப் பட்டம். கத்தினேன், பட்டினி கிடந்தேன், பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு அவரோட சண்டை கூட போட்டேன். செவிடன் காதுல ஊதின சங்குதான்.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்தது. அப்பா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே பந்தியில எல்லாரையும் விசாரிச்சாரு.

அப்புறம் எடுத்த ஸ்கேன்ல முதுகெலும்புக்குப் போயிடுச்சுன்னு வந்தது. இனிமே முழுசா குணமாக்க முடியாது, கட்டுக்குள்ள வெக்கத்தான் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. முதல் ஊசிக்கு அப்பாவைக் கைத்தாங்கலா கூட்டிக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல சம்பந்தி உக்காந்திருந்தாரு, மாப்பிள்ளையோட அப்பா. எங்களைப் பாத்ததும் கையில இருந்த சீட்டை மடிச்சு சட்டைப் பையில சொருகினாரு. அப்புறம் மறைச்சு என்ன பிரயோஜனம்னு தோணிச்சு போல. அவருக்கும் இதே வியாதிதானாம், கல்யாணப் பேச்சுக்கு முந்தியே ஊசி ஆரம்பிச்சு, கரண்டும் வெச்சு, இப்போ அடங்கிக் கிடக்குதாம். பரம்பரை நோய்னு நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு பயந்து மறைச்சிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

அப்பா அவரு பக்கத்துல மெதுவா உக்காந்தாரு. கோவமே இல்லாத குரல்ல சொன்னாரு. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் அப்பவே போட்டுக்கிட்டிருப்பேனேங்க."