எலும்பு இல்லாத தட்டுகள்

அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் பதினோரு வருஷமாகத் தட்டுக் கழுவுகிறவள் அவள். "தட்டக்கா" என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆளைப் பார்க்க வேண்டாம், தட்டைப் பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவாள். மாடி அதிகாரிகளின் தட்டில் பாதி கடித்த மாட்டுக்கறி கிடக்கும். கீழே மூட்டை தூக்குகிறவர்களின் தட்டில் குழம்புத் தடம் மட்டும்தான், எலும்புகூட இருக்காது. கறி எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷனும் மூட்டை தூக்குகிறவன்தான். கறி போடும் புதன்கிழமைதோறும் அவன் டிபன் பாக்ஸில் எலும்போடு இரண்டு துண்டு வீட்டுக்கு வரும். "எனக்கு வயிறு முட்டிப்போச்சு, பாப்பாவுக்குக் குடு" என்று வாய் கூசாமல் பொய் சொல்வான். கேன்டீன் சாப்பாட்டை வெளியே கொண்டுபோனது தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

இப்படியிருக்க, மாட்டுப் பண்ணைகளால் பூமி சூடாகிறது, கறியைக் குறைக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு சுற்றுச்சூழல் அதிகாரியைக் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். தகரக் கூரைக்குக் கீழே குடியிருக்கும் தட்டக்காவுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போன கோடையில் மகள் மயங்கி விழுந்தாள். ஆனால் அந்த மனிதர் கணக்கெடுத்த அழகைக் கேளுங்கள். ஒரு மாதம், கழுவ வந்த தட்டுகளில் எலும்பை எண்ணினார். கீழே எலும்பே இல்லையா? அப்படியானால் அவர்களுக்குக் கறியில் நாட்டமில்லை, அங்கே நிறுத்திவிடலாம் என்று எழுதிவிட்டார். படித்த மூளை!

கீழே இனிக் கறி கிடையாது என்ற அறிவிப்பு தட்டக்காவின் காதுக்கும் வந்தது. உண்மையைச் சொன்னால், வீட்டுக்குக் கறி கொண்டுபோகும் நாற்பது பேருக்கு, புருஷனையும் சேர்த்து, வேலை போகும். சொல்லாவிட்டால் மகளுக்குக் கறி கிடையாது. யோசித்துப் பார்த்துவிட்டு, மாடியின் எச்சில் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், எலும்ப எண்ணுனீங்க. அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற கறியப் பாத்தீங்களா? பாதி மாடு குப்பைக்குத்தான் போகுது. குறைக்கணும்னா இங்க குறைங்க. கீழ இருக்கறவங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க?"

அவர் வாளியை எட்டிப் பார்த்தார். முகம் சிறுத்துப்போனது. மாடிக்குப் பாதி அளவு, அதுவும் கேட்டால் மட்டும் என்று மாற்றி எழுதினார். கீழ்த் தளத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"சரிம்மா, அப்ப கீழ எலும்பெல்லாம் எங்க போகுது?"

"மென்னு முழுங்கிடுவாங்க சார். மூட்டை தூக்குற ஆளுங்க, பல்லெல்லாம் கல்லு மாதிரி."

"உங்க வீட்டுலயும் அப்படித்தானா?"

"எங்க சார்! பாப்பாவுக்கு இப்பத்தான் முன்பல்லு விழுந்திருக்கு. பிச்சுப் பிச்சுக் குடுத்தாத்தான்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, 'கீழ்த் தளம்: மாற்றம் வேண்டாம்' என்று எழுதிப் பேனாவை மூடினார்.

"பாப்பாவ மெதுவாச் சாப்பிடச் சொல்லுங்க. தொண்டையில சிக்கிடப் போகுது" என்றார்.