இரண்டு டிகிரி சாய்வு

கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் இருந்த மில்லிங் மெஷின் என் முதல் பிளேட்டிலேயே நின்றுபோனது. பெல்ட் வழுக்கியது, மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. டூல் அலுமினியத்துக்குள் பாதி இறங்கிய நிலையில் மாட்டிக்கொண்டது. லேப் அசிஸ்டெண்டும் நானும் ஒரு மணி நேரம் போராடி அதை வெளியே எடுத்தோம். துறைத்தலைவர் வந்து பார்த்தார். "ஸ்டூடண்ட்ஸுக்கு இருக்கறது இது ஒண்ணுதான் மேடம். உங்க பிஎச்டிய வேற எங்கயாவது வச்சுக்கங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

எனக்கு ஆய்வை முடிக்க அப்போது ஒன்றரை வருடம்தான் பாக்கி. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பாடம் நடத்துகிறேன். வீடு ராசிபுரத்தில். கணவருக்கு நாமக்கல் பக்கம் கோழித்தீவன ஆலையில் வேலை. காலையில் அவர் ஒரு பஸ், நான் ஒரு பஸ். எங்கள் துறையில் வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். பிஎச்டி இல்லாதவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். நான் இயல்பிலேயே ஓரிடத்தில் உட்காராத ஆள். அந்தப் பேச்சு வந்த பிறகு சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

என் ஆய்வு இதுதான். இரண்டு அலுமினியப் பிளேட்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். நடுக்கோட்டில் ஒரு எஃகு டூலைச் சுழலவிட்டு இறக்க வேண்டும். டூலின் நுனியில் சின்ன முளை ஒன்று இருக்கும், அதற்குப் பெயர் பின். முளைக்கு மேலே இருக்கும் அகலமான பகுதி ஷோல்டர். உரசுகிற சூட்டில் அலுமினியம் உருகாது, இளகும். அந்த இளக்கத்தில் முளை இரண்டு பக்கத்தையும் கலக்கிக்கொண்டே மெதுவாக முன்னால் போகும். அது கடந்த இடத்தில் இரண்டு பிளேட்டும் ஒன்றாகியிருக்கும். ஆய்வேட்டில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று வைக்க வேண்டும் என்பதால் 'உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு' என்று எழுதிவைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது கணவர், "ஏதோ களி கிண்டற மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் என்னுடையது வெறும் அலுமினியம் இல்லை. உருக்கிய அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு தூளைக் கலந்து வார்த்தது. அந்தத் தூள் எமரித்தாளில் இருக்கும் மணல் மாதிரி. களியில் மணல் கிடந்தால் துடுப்பு என்ன ஆகும்? என் டூல்களும் அப்படித்தான் தேய்ந்தன.

பெரிய மெஷின் தேடி, ரிக் லாரிகளுக்குப் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் ஏறி இறங்கினேன். போர் போடுகிற வண்டிக்கு வேலை செய்கிறவர்களிடம் கனமான மெஷின் இருக்கும். மூன்று இடத்தில் முடியாது என்றார்கள். நாலாவது பட்டறையில், கை துடைத்துக்கொண்டே வந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், என்னைத் தெரியலீங்களா? உங்க சப்ஜெக்ட்ல ரெண்டு தடவ அரியர் வச்சவனுங்க."

எட்டு வருடத்துக்கு முன்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகம். தாடி வந்திருந்தது. படிப்பு முடித்துக் கோயமுத்தூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் பட்டறையையே எடுத்து நடத்துகிறார். அப்பா வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போல்ட்டுகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மகன் டூலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டற வேல இல்லீங்களே இது. அமுக்கற வேல. டூலப் புடிச்சுச் சுத்தற ஸ்பிண்டில் தாங்கும்ங்க, ஆனா ஞாயித்துக்கிழமைதான் மெஷின் சும்மா இருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். மெஷினின் தலையைப் பின்பக்கமாக இரண்டு டிகிரி சாய்க்கச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றார். ஷோல்டரின் பின்விளிம்பு இளகிய உலோகத்தைக் கீழே அழுத்தினால்தான் உள்ளே பொந்து விழாமல் மூடும் என்றேன். தலையாட்டிக்கொண்டு சாய்த்தார். டூல் இறங்கியபோது முதலில் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கனமான ஒரே முனகல். ஓரத்தில் மெல்லிய பிசிர் சுருண்டு வந்தது. ஒரு ஜாண் நீளம் ஓட அஞ்சு நிமிஷம் ஆயிற்று. நான் மெஷினைச் சுற்றி எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது.

"கொஞ்சம் உக்காருங்க மேடம். உங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துதுங்க."

பிளேட் ஆறியதும் விரலால் தடவினேன். மீன் செதில் மாதிரி வரிவரியாக, அழகாக இருந்தது. சேலத்து டெஸ்டிங் லேபில் இழுத்துப் பார்த்தபோது ஒட்டு பிரியவில்லை, அதற்குப் பக்கத்தில்தான் அறுந்தது. என் கைடு சேலத்தில் வேறொரு கல்லூரியில் பேராசிரியர். போனில், "இதே மாதிரி ஒன்பது பிளேட். வேகத்த மாத்தி மாத்திப் போடுங்க. ஜர்னலுக்குப் பேப்பர் எழுதிடலாம்" என்றார்.

ஐந்து பிளேட்டுகளை நான் கூட இருந்து முடித்தேன். அதற்குள் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் அந்த மாதம் பேராசிரியர் யாரும் பேராசிரியர் இல்லை. ஆளுக்கொரு விலாசப் பட்டியலைக் கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்வார்கள், ஞாயிறும் சேர்த்து. எனக்குப் பனமரத்துப்பட்டிப் பக்கம் விழுந்தது. மீதி நாலு பிளேட்டையும் எந்தப் பிளேட்டுக்கு எந்த வேகம் என்று எழுதிய தாளையும் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஒரு வீட்டு வாசலில், பெண்ணின் அப்பா "மெக்கானிக்கலுங்களா? வேண்டாங்க. கம்ப்யூட்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து போன் வந்தது. பக்கத்தில் கல்யாண மைக் அலறியது. பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. "அப்படியே ஓட்டுப்பா, நான் அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை.

அந்த நாலு பிளேட்டும் மேலே பார்க்க முந்தைய ஐந்தைவிட வழவழப்பாக இருந்தன. டெஸ்டிங் லேபில் நாலும் ஒட்டிலேயே பிஸ்கட் மாதிரி முறிந்தன. முறிந்த முகத்தில், பென்சில் முனை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பிளேட்டின் நீளம் முழுக்க ஓடும் பொந்து அது.

சேலத்திலிருந்து நேராகத் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கோபத்தை வளர்த்துக்கொண்டே போனேன். பட்டறையில் நுழைந்து துண்டுகளை மெஷின் மேஜையில் கொட்டினேன்.

"ஸ்பிண்டில் ஆடுது. பேரிங் போயிருக்கு. பார்க்கலையா நீ?"

"பேரிங் மாத்தி ஒரு மாசம்கூட ஆவலீங்க மேடம்."

"அப்ப இது என்ன? படிக்கும்போதே நீ இப்படித்தான். எதையும் அளந்து பார்க்க மாட்ட."

அவர் என்னுடைய மீதிப் பிளேட்டுகளையும் டூல்களையும் செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, என்னிடம் கொடுத்தார். "வேற பக்கம் பாத்துக்கங்க மேடம்" என்றார். வாசலில் அவருடைய அப்பா போல்ட் பிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

கைடு அதை எளிதாக எடுத்துக்கொண்டார். "அஞ்சு நல்லா வந்திருக்கில்ல, அத வச்சு எழுதுங்க. கெட்டுப்போனதெல்லாம் யாரும் எழுதறதில்ல." எழுதினேன். அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உண்மையான அவஸ்தை ஆரம்பித்தது. வகுப்பில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். "பேப்பர் போயிருச்சில்ல, இன்னும் என்ன?" என்று கணவர் கேட்டார்.

ஒரு மதியம் லேபில் அந்தக் கெட்ட பிளேட்டுகளைக் குறுக்கே அறுத்து, எமரித்தாளில் தேய்த்துப் பாலிஷ் போட்டேன். நாலிலும் பொந்து ஒரே பக்கத்தில், ஒரே உயரத்தில் இருந்தது. ஆடுகிற ஸ்பிண்டில் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது. ஒட்டு முடிகிற இடத்தில் டூல் மேலே எழும்பும்போது ஒரு குழியும், அதைச் சுற்றி ஷோல்டர் பதிந்த வளையமும் விழும். அந்த வளையத்தின் ஆழத்தை அளந்தேன். நல்ல ஐந்து பிளேட்டில் வளையம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் இருந்தது. கெட்ட நாலில் சுற்றிலும் ஒரே ஆழம்.

அந்த நாலையும் சாய்வே இல்லாமல் ஓட்டியிருக்கிறார்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'சாய்வு' என்ற கட்டத்தில் ஒன்பது பிளேட்டுக்கும் 2, 2, 2 என்று என் கையெழுத்து. ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதியது. அந்த ஒன்பதில் ஒன்றுகூட ஓடும் முன்னமே, பஸ்ஸில் வரும்போது நிரப்பிவைத்தது. பட்டறையில் கொடுத்த தாளில் வேகம் மட்டும் இருந்தது, சாய்வு இல்லை. பனமரத்துப்பட்டியில் வந்த போனில் கேட்காத பாதி என்னவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அவர் ஏதோ ரிக் பாகத்தைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரு வெட்டு முடியும்வரை காத்திருந்தேன்.

"அன்னிக்குப் போன்ல என்ன கேட்ட?"

"ரிக்குக்கு அவசர வேல வந்துச்சு, ஹெட்ட நேராக்கிட்டேன், அப்படியே ஓட்டட்டுங்களான்னு கேட்டேனுங்க. ஓட்டுன்னீங்க. ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒண்ணு மாத்துவீங்களே, இதும் அப்படின்னு நெனச்சேனுங்க."

"நான் கத்தினப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா மேடம்?"

இல்லை என்று எனக்கே தெரியும். "தப்பு என்னுதுதான்" என்றேன்.

"விடுங்க மேடம்." மெஷினை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "பிளேட் போனா போவுது. படிக்கும்போதே இப்படித்தான்னீங்களே, அப்ப அப்பா அங்க இருந்தாருங்க. ஒரு வருசமாத்தான் அவரு என்கிட்ட அளவு கேட்டுச் சரிபாக்காம வேலைய வெளிய உடறாரு."

வாசலுக்குப் போனேன். பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று கை காட்டினேன். "உங்க பையன் வேலையில ஒரு தப்பும் இல்லீங்க. நான் சாய்வு எழுதிக் குடுக்காம விட்டுட்டு அவரைத் திட்டிட்டேன்" என்றேன். அவர் என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

"செரி. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க சாமி."

பேப்பரைத் திரும்பப் பெற எழுதியபோது கைடுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு வருசம் தள்ளிப்போகும், தெரியுமில்ல?" என்றார். நோட்டில் அளக்காமல் எழுதியிருக்கிறேன், அந்த ஐந்துக்கும்கூட என் வார்த்தையைத் தவிர ஆதாரம் இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு காலை அவரே கூப்பிட்டு, "ஒன்பதையும் திரும்பப் போடுங்க. சாய்வ ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுங்க" என்றார்.

பட்டறையில் என் பழைய மாணவரும் நானும் ஒன்பதையும் திரும்பப் போட்டோம், ஞாயிறு ஞாயிறாக. ஒவ்வொரு பிளேட்டுக்கும் முன்னால் கோணமானியை வைத்து இருவரும் படித்துக் கையெழுத்துப் போட்டோம். ஏழு நன்றாக வந்தன. ஒன்றில் முளை பாதி வழியில் முறிந்து உள்ளேயே புதைந்தது. ஒன்பதாவதில் சாய்வு சரியாக இருந்தும் பொந்து விழுந்தது. தூள் அரித்து முளை நுனி உருண்டையாகிவிட்டதைக் கவனிக்காமல் விட்டிருந்தோம். அது எங்கள் இரண்டு பேருடைய தப்பு. அதையும், சாயாத பழைய நாலு பிளேட்டையும் ஆய்வேட்டில் சேர்த்தேன். கடைசி தேதி தாண்டிவிட்டதால் நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, அது கிடைக்கும்வரை பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டு அங்கிருந்த அம்மாவுக்கு என் குரல் பழகிவிட்டது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். இந்த வருடம் எங்கள் துறையில் முதலாமாண்டு வகுப்பே இல்லை. கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு நான் இன்ஜினியரிங் டிராயிங் எடுக்கிறேன். அவர்களுக்கு எப்போது மணி அடிக்கும் என்று இருக்கிறது, எனக்கும் அப்படித்தான். ஆய்வேட்டின் இரண்டு தேர்வாளர்களில் ஒருவரின் அறிக்கை வந்துவிட்டது. சின்னச் சின்னத் திருத்தங்கள். மற்றவருடையதுக்காக மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

போன மாதம் பட்டறையிலிருந்து கூப்பிட்டார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் ஒருவர், அலுமினியத் தரைப் பலகைகளை இப்படிச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாராம். "பலகை நீளம் எவ்வளவு?" என்றேன். எட்டடி. மெஷின் மேஜை இரண்டரை அடிதான் நகரும்.

"துண்டு துண்டா நகத்திப் போட்டா ஆகாதுங்களா மேடம்?"

"நிறுத்தி எடுக்கற ஒவ்வொரு இடத்துலயும் குழி விழும்."

"அந்தக் குழி மேலயே அடுத்தத ஆரம்பிச்சா?"

போன ஞாயிறு ஒரு பழைய பலகையில் போட்டுப் பார்த்தோம். பாதி தூரம் போனதும் பலகை தூக்கிக்கொண்டு டூல் மேலே ஏறிவிட்டது. பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போதவில்லை. அவர் ஒரு சாக்பீஸை எடுத்து, இன்னும் எத்தனை கிளாம்ப், எந்தெந்த இடத்தில் என்று மேஜையிலேயே வரைய ஆரம்பித்தார். அவர் போட்ட இடைவெளி அதிகம் என்றேன். இல்லை என்றார். பெரியவர் உள்ளே வந்து, அளவு டேப்பை எடுத்து எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.